காற்றுக்கு ஈடாக எண்ணெய்



காருக்கு எண்ணெய் போட்டாயிற்றா என்று ஒருவரை ஒருவர் கேட்கிறோம். எண்ணெய் நிலையத்தில் தொட்டியை நிரப்பிவிட்டால் நம் கவலை தீர்ந்தது. அந்தப் பெட்ரோல் தொட்டியை விட்டுப் புறப்பட்டு எஞ்சினைச் சென்று சேரும் பாதையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. சாதாரணக் காரில் அதை நினைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் சூப்பர்சார்ஜர் பொருத்திய விரைவுக் காரில், அதன் வலிமையை மேலும் கூட்ட முனைகிறவர்களுக்கு, அந்தப் பாதைதான் முதற்கவலையாக இருக்க வேண்டும். இன்று அதைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

பெட்ரோல் தானாக எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகிறது. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 9 கன மீட்டர் காற்று. இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு அறை முழுவதும் நிறைந்திருக்கும் காற்று அது. ஆகவே எஞ்சினின் வலிமையைக் கூட்ட வேண்டுமானால் முதலில் அதற்குள் கூடுதல் காற்றைப் புகுத்த வேண்டும்.

கொல்லன் உலைக்குத் துருத்தி என்ன செய்கிறதோ, அதையே எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் செய்கிறது. இஃது உவமை மட்டுமன்று, வரலாறும் கூட. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்னும் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காற்றூதி, கார் பிறப்பதற்கு முன்பே உலைகளுக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. அந்த ஊதியின் வழித்தோன்றலே பின்னாளில் காரின் எஞ்சின்மேல் ஏறி அமர்ந்தது. 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நாலரை லிட்டர் பென்ட்லி காருக்கு இத்தகைய ஊதியைப் பொருத்தினார்கள். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கே அதில் உடன்பாடு இல்லை. எஞ்சினைப் பெரிதாக்குவதே முறை, ஊதிவிடுவது முறையன்று என்பது அவர் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அந்த வழக்கை இங்கே விரித்தால் நேரம் போதாது.

நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு அதைவிடப் புதியது. ஃபோர்டு நிறுவனம் 2003, 2004ஆம் ஆண்டு மாதிரிகளாக விற்ற மஸ்டாங் கோப்ரா. அதில் 4.6 லிட்டர் கொள்ளளவும் 8 சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின். அதன்மேல் ஈட்டன் நிறுவனத்தின் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர். எஞ்சினின் வார்ப்பட்டையே ஊதியைச் சுழற்றும். வெளிக் காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் காற்று உள்ளே திணிக்கப்படும். வெளிக் காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு. (சற்றுமுன் சொன்ன 14.7 வேறு, இந்த 14.7 வேறு. எண்கள் ஒன்றாய் அமைந்தது தற்செயல். மாணவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.) தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோதே இந்தக் கார் 390 குதிரைத்திறன் உடையது.

இதை வாங்கியவர்களுள் பலருக்கு 390 போதவில்லை. ஊதியின் கப்பியைக் கழற்றிவிட்டுச் சிறிய கப்பியை மாட்டினால் ஊதி வேகமாகச் சுழலும், காற்று மிகுதியாய்ப் புகும், வலிமை ஏறும். வேலையோ அரை நாளில் முடிகிறது. கண்ணுக்குத் தெரிகிற பொருள், காதுக்குக் கேட்கிற ஓசை. இளைஞர்களின் மனம் அங்கேதான் போகும். கூடுதல் காற்றுக்கு ஈடாகக் கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வரும் என்று கேட்பவர் சிலரே.

வராவிட்டால் என்ன ஆகும்? கலவை மெலிந்துவிடும். முழு வேகத்தில், ஊதியின் அழுத்தத்தின்கீழ் வேலை செய்யும் எஞ்சினுக்கு 14.7க்கு 1 என்னும் விகிதமே போதாது. ஏறத்தாழ 12க்கு 1, சில வேளை அதனினும் செறிந்த கலவை வேண்டும். மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் காக்கிறது. கலவை மெலிந்தால் அந்தக் காப்பு போய்விடும். சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவ வேண்டிய தீ, மூலைகளில் தானே பற்றி வெடிக்கும். இதைத்தான் பட்டறைக்காரர்கள் நாக்கிங் என்பார்கள். தகரக் குவளையில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை. சூப்பர்சார்ஜரின் சீழ்க்கையொலி அதையும் மறைத்துவிடும் என்பதுதான் கொடுமை.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 பாகைக்கும் மேல். பிஸ்டன் ஏன் உருகுவதில்லை? அதன் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வை போல் கிடக்கிறது. உட்புகும் வெப்பமும் வளையங்களின் வழியே சிலிண்டர்ச் சுவருக்குக் கடந்துவிடுகிறது. நாக்கிங் அந்தப் போர்வையைக் கிழித்தெறிகிறது. அதன்பின் நிமிடக் கணக்கு இல்லை, நொடிக் கணக்குத்தான். எங்கள் பள்ளியில் படித்து, இப்போது பட்டணத்துப் பட்டறையில் வேலை செய்யும் மாணவர் ஒருவர் இப்படித் துளைபட்ட பிஸ்டன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அறிவியல் பாட அலமாரியில் வைத்திருக்கிறோம். வெல்லக்கட்டியில் வெந்நீர் சொட்டினாற்போல் நடுவே ஓட்டை. ஓர் இளைஞர் மூன்று ஆண்டுகள் சேர்த்த பணம் அந்த ஓட்டை வழியே போயிற்று என்று அவர் சொன்னார்.

இனிக் கணக்குக்கு வருவோம். சூப்பர்சார்ஜர் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.6 பவுண்டு பெட்ரோல் கேட்கும் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. கோப்ராவின் 390 குதிரைத்திறனுக்கு 234 பவுண்டு. அதை 8 சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 29 பவுண்டுக்குச் சற்று மேல். தொழிற்சாலை பொருத்திய இன்ஜெக்டர் மணிக்கு 39 பவுண்டு பீச்ச வல்லது. ஆகவே நூற்றுக்கு 75 பங்கு நேரம் திறந்திருந்தால் போதும். இப்போது கப்பியை மாற்றி 500 குதிரைத்திறன் எடுக்கிறோம் என்று கொள்வோம். தேவை 300 பவுண்டு; சிலிண்டருக்கு 37.5. இன்ஜெக்டர் நூற்றுக்கு 96 பங்கு நேரம் திறந்தே கிடக்க வேண்டும். இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறு கதவு. அதற்கு மூடவும் நேரம் வேண்டும் அல்லவா? 80 அல்லது 85 பங்குக்கு மேல் அதை நம்பலாகாது. மணிக்கு 60 பவுண்டு தரும் இன்ஜெக்டரை இட்டால் 63 பங்கில் வேலை முடிந்துவிடும்.

இன்ஜெக்டரை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அழுத்தத்தை இரட்டித்தால் பெட்ரோல் இரட்டிப்பாவதில்லை, 1.41 மடங்குதான். அழுத்தத்தின் வர்க்கமூலத்தையே ஓட்டம் பின்பற்றும். அந்தச் சிறு ஆதாயத்துக்காகப் பம்பை வருத்துவதில் பயனில்லை.

பம்பின் கதையைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து லயன் வீடுகளை நினைத்தால் போதும். விடியற்காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள். தொட்டிக்கு அருகில் உள்ள வீட்டில் தண்ணீர் கொட்டும். கோடி வீட்டில் நூலாக ஒழுகும். கோடி வீட்டுக்காரர் குழாயைப் பெரிதாக்கினாலும் தண்ணீர் வராது. பெரிய இன்ஜெக்டர்களை வாங்கிப் பொருத்திவிட்டுப் பழைய பம்பையே நம்புகிறவர் அந்தக் கோடி வீட்டுக்காரரைப் போன்றவர். 300 பவுண்டு என்பது லிட்டரில் மணிக்கு 184. நிமிடத்துக்கு 3 லிட்டர். அதுவும் அழுத்தத்தோடு வர வேண்டும். பம்பு எதிர்க்க வேண்டிய அழுத்தம் ஏற ஏற அது தரும் அளவு குறையும். ஊதி உள்ளே 8 பவுண்டு தள்ளினால், பெட்ரோல் அந்த எட்டையும் மீறிக்கொண்டே உள்ளே பாய வேண்டும். 15 பவுண்டு தள்ளினால் பதினைந்தையும். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்துப் பம்பு வாங்கலாகாது. எந்த அழுத்தத்தில் எத்தனை லிட்டர் என்னும் அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பம்பை ஓட்டுவது மின்சாரம். கோப்ராவின் தொட்டிக்குள் இரண்டு பம்புகள் உண்டு. பழைய கார்களைப் போல மிஞ்சிய பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பியனுப்பும் குழாய் அதில் இல்லை. அழுத்தத்தை அளந்து, வேண்டிய அளவுக்குப் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்பெட்டி ஒன்று இருக்கிறது. பெரிய பம்பு கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். மெல்லிய கம்பியில் அது பாயும்போது வழியிலேயே ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்துபோகும்; புதிய பம்பு பழைய பம்பைப் போலவே சோர்ந்து ஓடும். கம்பியும் ஃபியூசும் மின்பெட்டியும் சேர்ந்து தாங்குமா என்று பார்த்த பிறகே பம்பை மாற்ற வேண்டும்.

பால் மரத்தை நம்பி வாழ்ந்த நமக்குக் குழாயைப் பற்றி ஒரு செய்தி. நாம் வெட்டியெடுத்த இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பிக் கெட்டுவிடும். எரிபொருள் குழாய்கள் செயற்கை ரப்பரால் ஆனவை. அவற்றிலும் வெளியே பயன்படுத்தும் குழாய் வேறு. தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க வேண்டிய குழாய் வேறு. விலை குறைவென்று வெளிக்குழாயில் ஒரு துண்டை வெட்டிப் பம்போடு இணைத்தால், சில மாதங்களில் அது கொழகொழத்துத் தொட்டிக்குள்ளேயே பிளக்கும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. அழுத்தம் மட்டும் விழும். பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் அலமாரியில் உள்ள பிஸ்டன் சொல்கிறது.

எரிசாராயம் மிகுதியாய்க் கலந்த எரிபொருளை ஊற்ற எண்ணுகிறவர்களுக்கு மேலே சொன்ன எல்லா அளவுகளும் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

இன்ஜெக்டரை மாற்றியபின் காரின் கணினிக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும். 39 பவுண்டு இன்ஜெக்டர்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அது 60 பவுண்டு இன்ஜெக்டரைத் திறந்தால், எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிப் புகை கக்கும். கணக்கைத் திருத்திய பிறகும், புகைபோக்கியில் கலவையை அளக்கும் கருவியும் எரிபொருள் அழுத்தத்தைக் காட்டும் மானியும் இல்லாமல் முழு வேகம் எடுக்கவே கூடாது. ஊதியின் அழுத்தம் ஏறும்போது எரிபொருள் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும். ஊதி ஏற, மானி நிலைத்து நின்றாலோ இறங்கினாலோ உடனே காலை எடுத்துவிட வேண்டும்.

வேலை செய்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். அதை இறக்காமல் மூட்டைத் தளர்த்தினால் பெட்ரோல் கண்ணில் பீச்சும். பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். பத்தடி தள்ளி இருக்கும் அடுப்போ மின்விசையோ அதைப் பற்ற வைக்கலாம். வாளித் தண்ணீரை நம்ப வேண்டாம், பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து தீயை இன்னும் பரப்பும். உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து, கார் ஓட்டத்துக்கு ஆயத்தமாகி நிற்கிறது. அப்போது தொட்டியில் கால் பங்குதான் பெட்ரோல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வளைவில் திரும்பும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சும் வாய் ஒரு கணம் காற்றைக் குடிக்கும். அந்த ஒரு கணத்தில் பெரிய பம்பும் பெரிய இன்ஜெக்டரும் எதைப் பீச்சும்? முழு வேக ஓட்டத்துக்கு முன் தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்பிக்கொள்ளுங்கள்.