சந்தையும் சங்கமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நமது சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு நமக்கு அளிக்கப்பெற்ற பொழுதில் ஒரு தொழிலைப் பற்றிப் பேச விழைகின்றோம். கணினித் திரையில் படம் வரைந்தும் எழுத்தமைத்தும் கடைப் பலகைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நூலட்டைக்கும் உருவம் கொடுக்கும் வரைகலைத் தொழிலே அது. நமது காலனியில் சில வீடுகளில் நள்ளிரவு கடந்தும் விளக்கெரிவதற்கு அத்தொழிலே காரணம். எந்த அலுவலகத்திலும் சேராது, தனித்து நின்று அதனைச் செய்யும் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கச் செய்வதில் இணையக் குழுக்கள் எவ்வாறு துணை நிற்கின்றன, எங்கே அவை கைவிடுகின்றன என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

"பையன் ஏதோ கம்ப்யூட்டரில் கிறுக்கிக்கொண்டிருக்கிறான், ரயில்வே தேர்வு எழுதச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறான்" என்று பெற்றோர் குறைப்படுவதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் என்னும் ஒழுங்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. ஆயினும் ஒரு கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் எழுத்தர், நிலைய அதிகாரி முதலிய ஏறத்தாழ 35,000 இடங்களுக்கு ரயில்வே தேர்வு வாரியங்கள் விண்ணப்பம் கோரின. வந்த விண்ணப்பங்களோ ஏறத்தாழ ஒரு கோடியே 25 லட்சம். ஓரிடத்துக்கு முந்நூற்றைம்பது பேர்! இடம் பெற்றவர் ஒருவர். எஞ்சிய அனைவரும் உழைத்து உண்ண வேண்டியவர்களே அன்றோ? ஆதலின் தனித்தொழில் என்பதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. அத்தொழிலில் நிலைத்து நிற்பது எங்ஙனம் என்று ஆராய்வதே தகும்.

அலுவலகம் நமக்குச் சம்பளம் மட்டுமா தருகின்றது? கோப்பு தானே மேசைக்கு வந்து சேர்கின்றது. நாம் தேடிப் போவதில்லை. பிழை நேர்ந்தால் திருத்த மேலெழுத்தர் இருக்கின்றார். எந்த வேலைக்கு எவ்வளவு ஊதியம் என்பது விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றது. அநியாயம் நேர்ந்தால் பேச யூனியன் இருக்கின்றது. இந்நான்கும் தனித்தொழில் செய்யும் வரைகலைஞருக்கு இல்லை. வேலையைத் தேடுவதும் அவரே, செய்வதும் அவரே, பில் எழுதுவதும், பணத்துக்கு நடையாய் நடப்பதும் அவரே. ஆகவே, வேலை, திருத்தம், விலை, காப்பு ஆகிய நான்கையும் ஓரளவேனும் அவருக்குத் தரவல்லது தொழிலோரின் குழுவே ஆகும்.

இது தமிழர்க்குப் புதுமையன்று. மணிக்கிராமத்தார், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நாடு விட்டு நாடு சென்று பொருளீட்டினர். சுமத்திரா தீவில் பாரூஸ் என்னுமிடத்தருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகின்றது. அறியாத துறைமுகத்தில் இறங்கும் வணிகனுக்குக் குழுவின் பெயர் எவ்வளவு பெரிய பலமாய் இருந்திருக்கும்! இன்றைய துறைமுகம் இணையம், சரக்கு, வரைபடம், அவ்வளவே வேற்றுமை.

இணையத்தில் வரைகலைஞர் கூடும் இடங்கள் இருவகைப்படும். ஒன்று சந்தை, மற்றொன்று சங்கம். இரண்டையும் பிரித்தறிதல் மிகவும் இன்றியமையாதது.

முதலில் சந்தையைக் காண்போம். 1999-இல் தோன்றிய ஈலான்ஸும் 2003-இல் தோன்றிய ஓடெஸ்க்கும் 2013-இல் ஒன்றாக இணைய உடன்பட்டு, 2015 முதல் அப்வொர்க் என்னும் பெயரால் நடைபெறுகின்றன. வேலை கொடுப்போர் தம் தேவையை அங்கே அறிவிக்க, பல நாட்டாரும் தத்தம் விலையைக் கூறிப் போட்டியிடுவர். 2010-இல் இஸ்ரேல் நாட்டில் தொடங்கிய ஃபைவர், ஐந்து டாலருக்கு ஒரு வேலை என்று முழங்கி வந்தமையால் அப்பெயர் பெற்றது. வேலை செய்தவர் ஈட்டும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அந்நிறுவனம் எடுத்துக்கொள்கின்றது. இச்சந்தைகளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. முன்பின் அறியாத ஒருவருக்கு முதல் வேலை கிடைக்க அவை வழி செய்கின்றன. பணத்தை இடையில் நின்று பெற்றுக் கொடுக்கின்றன. ஆயினும் சந்தையில் பக்கத்துக் கடைக்காரர் நமக்குப் போட்டியாளரே. அவர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க நேரிடும். அக்குறைப்புக்கு அடித்தளமே இல்லை.

சங்கம் சந்தையாக மாறிய வரலாறும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இயங்கிய ஓர் இணைய நிலையத்தில் வரைகலைஞர் பலர் கூடி, விளையாட்டாகத் தமக்குள் வரைபடப் போட்டி நடத்தி மகிழ்ந்தனர். அதனைக் கண்ட சிலர், "எமக்கு வேண்டிய இலச்சினையை வரையுங்கள், சிறந்ததற்குப் பணம் தருகின்றோம்" என்றனர். அதிலிருந்து 2008-இல் பிறந்ததே 99 டிசைன்ஸ் என்னும் நிறுவனம். பலர் வரைவர்; ஒருவர் பரிசு பெறுவர்; ஏனையோர் உழைப்பு வீணாகும். அமெரிக்காவில் 1914 முதல் இயங்கிவரும் வரைகலைஞர் அமைப்பாகிய ஏ.ஐ.ஜி.ஏ., ஊதிய உறுதியின்றி இவ்வாறு உழைப்பதை ஊக்குவிப்பதில்லை.

நமது ரூபாய்க் குறியும் போட்டியில் பிறந்ததன்றோ என்று நீங்கள் வினவலாம். மெய்தான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்களுள், தமிழகத்தில் பிறந்து மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற உதயகுமாரின் படத்தை மத்திய அரசு 2010 ஜூலை 15-ஆம் நாள் ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அது நமக்கெல்லாம் பெருமையே. நாட்டின் நாணயத்துக்குக் குறி வரைவது வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு. அதற்காகக் கூலி எதிர்பாராது உழைக்கலாம். ஆனால் சோப்புப் பொட்டலத்துக்கும் டீக்கடைப் பலகைக்கும் நூறு பேர் கூலியின்றி வரைந்து, தொண்ணூற்றொன்பது பேர் வெறுங்கையோடு திரும்புவதாயின், அத்தொழிலால் எந்த வீட்டில் அடுப்பெரியும்?

இனிச் சங்கத்தைக் காண்போம். 2005-இல் அமெரிக்காவில் தொடங்கி, 2012-இல் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்த பிஹான்ஸ், வரைகலைஞர் தம் படைப்புகளை உலகறிய வைக்கும் காட்சிக்கூடம் ஆகும். 2009-இல் தோன்றிய டிரிப்பில், செய்துகொண்டிருக்கும் வேலையின் சிறு பகுதியைக் காட்டிப் பிறர் கருத்தை அறியும் இடமாகத் தொடங்கியது. ஏற்கெனவே உள்ள உறுப்பினர் அழைத்தாலன்றிப் புதியவர் தம் படத்தை அங்கே வைக்க இயலாதென்னும் விதி நெடுங்காலம் இருந்தது. ரயில்வே கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒருவர் கடன் பெற, உடன் பணிபுரிவோர் ஜாமீன் கையெழுத்திடுவதை இதனோடு ஒப்பிடலாம். இவையன்றி, நூறு இருநூறு பேர் கொண்ட எண்ணற்ற சிறு குழுக்கள் கைபேசியிலும் கணினியிலும் இயங்குகின்றன. உண்மையான உதவி பெரும்பாலும் அச்சிறு குழுக்களிலேயே கிடைக்கின்றது.

எவ்வாறு கிடைக்கின்றது? நாம் வாழும் இவ்வங்க மண்ணில் பூஜைக் காலம் வந்தால் மலர், அழைப்பிதழ், பேனர் என்று ஒரே வரைகலைஞரிடம் பத்துக் குழுவினர் வந்து நிற்பர். அவரால் ஆறே செய்ய முடியும். எஞ்சிய நான்கைத் தம் குழுவில் நம்பத் தகுந்தவருக்கு அனுப்புவார். இலச்சினை வரைபவர், பெட்டி வடிவமைக்கும் வேலை வந்தால் அதில் தேர்ந்தவரிடம் விடுவார். விளம்பரத்தைப் பார்த்து வரும் வேலையை விட, இவ்வாறு கைமாறி வரும் வேலையில் பேரம் குறைவு, நம்பிக்கை மிகுதி.

நமது காலனியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். நம் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள் அத்தகைய குழுவொன்றில் சேர்ந்திருந்தாள். வடநாட்டு வரைகலைஞர் ஒருவர், தமிழ் எழுத்துகள் தம் கணினியில் சிதைவதாக அங்கே முறையிட்டார். "கெ" என்று அடித்தால் கொம்பு ககரத்தின் பின்னே போய் நின்றது. கணினி தன் நினைவில் மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் கொம்பை இடப்பக்கம் கொண்டுவருகின்றது. ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தெரிந்தெடுக்காவிடின் கொம்பு இடம் மாறிவிடும் என்பதை அப்பெண் படத்துடன் விளக்கினாள். கூலி கேட்கவில்லை. ஆறு மாதம் கழிந்து, தின்பண்டப் பொட்டலம் ஒன்றைத் தமிழிலும் அச்சிட வேண்டிய வேலை அவ்வரைகலைஞரிடம் வந்தபோது, அவர் நினைத்துக்கொண்ட பெயர் அப்பெண்ணின் பெயரே. இன்று அவளுக்கு வரும் வேலைகளுட் பெரும்பகுதி தமிழ் எழுத்தைச் சார்ந்தவை. வேற்று மாநிலத்தில் வளர்ந்தும் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த தாயின் உழைப்பு, சோறு போடும் தொழிலாயிற்று. குழுவில் கேட்பவரை விடக் கொடுப்பவரே முதலில் பெறுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காப்பும் குழுவில் உண்டு. நம்மவர் பையன் ஒருவன் ஒரு கடைக்கு இலச்சினை வரைந்து முழுக் கோப்பையும் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தான். பாதிப் பணம் முன்னே, கடைசிக் கோப்பு முழுப் பணத்துக்குப் பின்னே, திருத்தம் இத்தனை முறையே என்று எழுதி வாங்கும் பழக்கத்தை அவனுக்கு ஒரு குழுவே கற்பித்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மற்றவர்க்கு மாற்றித் தருவது எழுத்திலும் கையொப்பத்துடனும் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல் போதாது. இதையும் இளைஞர் அறிதல் நலம். வேலை தருவதாகக் கூறிப் பதிவுக் கட்டணம் கேட்போர் மோசக்காரர் என்னும் எச்சரிக்கையும் குழுவில்தான் விரைவில் பரவுகின்றது.

2022-ஆம் ஆண்டு முதல், சொன்னதைக் கேட்டுத் தானே படம் வரையும் கணினிப் பொறிகள் பொதுமக்கள் கைக்கும் வந்துவிட்டன. ஐந்து டாலர் வேலைகளை அவை விழுங்குவது எளிது. ஆயின், "இவர் சொன்ன நாளில் கொடுப்பார்; பிறர் படத்தைத் திருடமாட்டார்" என்று பத்துப் பேர் கூறும் நற்பெயரைப் பொறியால் வரைய இயலாது. ஆதலின் குழுவின் தேவை இனிப் பெருகுமேயன்றிக் குறையாது.

இளைஞர்களே! குழுவில் சேர்ந்த அன்றே வேலை கேட்காதீர்கள். முப்பது படங்களைக் குவிப்பதை விட மூன்று நல்ல படங்களை வையுங்கள். பிறர் குறை சொன்னால் வாதாடாது கேளுங்கள். உங்களால் இயலாத வேலையை இயன்றவரிடம் அனுப்புங்கள். ஒருவர் உங்களை நம்பி அனுப்பிய வேலையைக் காலம் தாழ்த்தாதீர்கள். தாழ்த்தினால் கெடுவது அவர் பெயரும் ஆகும்.

பெரியோர்களே! நமது சங்கமும் மூன்று காரியங்கள் செய்யலாம். நமது நூலக அறையை வாரத்தில் ஒரு மாலை இப்பிள்ளைகள் கூடித் தொழில் பேச ஒதுக்கலாம். பில்லும் ஒப்பந்தமும் எழுதக் கணக்கறிந்த மூத்தோர் துணை செய்யலாம்; நாம் அதற்குச் சித்தமாயிருக்கின்றோம். மூன்றாவது, விழா மலரை அச்சிடுபவருக்குக் கூலி கொடுக்கும் சங்கம், அதன் அட்டையை வரைபவருக்கும் கூலி கொடுத்தல் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைதானே என்று இலவசமாகக் கேட்டால், அயலார் அவனுக்கு விலை கொடுப்பதெப்படி?

தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் மொழி. பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்தவர்கள் தனித்து நில்லாது கூடி நின்றமையால் எழுந்ததே இச்சங்கம். அதே வழியில் நம் பிள்ளைகள் தம் தொழிலுக்கும் சங்கம் காண்பார்களாக.