உள்ளூர்ப் பிள்ளைகளும் பந்தாட்டக் கழகங்களின் கடமையும்

(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கால்பந்தைப் பற்றிப் பேசுவதா என்று மூத்தோர் சிலர் முகம் சுளித்ததை நாம் அறிவோம். அவர்தம் கவலை நியாயமானதே. மாலை வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், பந்தயங்கள் தொடங்கியதும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே வெற்றிடமே மிகுந்து காணப்படுகிறது. பிள்ளைகளைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால், 'உன் காலில் பொன் இருக்கிறது' என்று சொல்லி அவர்களை அழைத்துச் செல்வோரிடம் நாம் இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அக்கேள்விகளைப் பற்றியதே இவ்வுரை.

நம் தெருவில் வளர்ந்த பிள்ளை ஒருவனிடமிருந்து தொடங்குவோம். பெயர் வேண்டாம், அவன் இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கிறான். அவனுடைய பதின்மூன்றாம் வயதில் வெளியூர்க் கழகம் ஒன்றின் ஆட்கள் வந்து, விடுதியும் உணவும் காலணியும் தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்றனர். தாயார் ஒரு தாளில் கைந்நாட்டு வைத்தார். அதில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்ல அவர் நம்மில் ஒருவரையும் அழைக்கவில்லை. அழைக்கலாம் என்று நாமும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை. பதினாறாம் வயதில் முழங்கால் சவ்வு கிழிந்தது. அடுத்த மாதமே பெட்டியோடு வந்து நின்றான். மூன்று ஆண்டுகளாக அவன் பள்ளிப் பக்கமே போகவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. பின்னர் மாலை வகுப்பில் சேர்ந்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேறினான். கணக்குத் தேர்வை மட்டும் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

ஒரு கழகம் பிள்ளைகளை வளர்க்கிறதா, பொறுக்குகிறதா என்பதை அது உச்சியில் ஏற்றிய ஒருவனைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது என்பது நம் கருத்து. அது திருப்பி அனுப்பிய பத்துப் பேரையும் பார்க்கவேண்டும். எந்தத் தெருவிலிருந்து எடுத்ததோ அந்தத் தெருவுக்கு என்ன தந்தது என்பதையும் பார்க்கவேண்டும்.

இதனை ஓரளவு ஒழுங்காகச் செய்துவரும் கழகம் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் வடகோடியில் பாஸ்க் மக்கள் வாழும் நிலத்தில், பில்பாவோ என்னும் நகரில், 1898ஆம் ஆண்டில் தோன்றியது அத்லெட்டிக் கிளப். இரும்புக்கும் கப்பல் தொழிலுக்கும் பெயர்பெற்ற அந்நகருக்கு ஆங்கிலேயத் தொழிலாளரும், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய மாணவரும் பந்தைக் கொண்டுவந்தனர். தொடக்கத்தில் ஆங்கிலேயரும் அணியில் ஆடினர். ஏறத்தாழ 1912ஆம் ஆண்டு முதல், தம் மண்ணின் ஆட்டக்காரரைக் கொண்டே ஆடுவது என்னும் வழக்கத்தைக் கழகம் மேற்கொண்டது. பாஸ்க் நிலம் முழுவதிலும் ஏறத்தாழ 30 இலட்சம் மக்களே வாழ்கின்றனர். நம் சென்னை மாநகரின் தொகையைவிட அது குறைவு. அச்சிறு கூட்டத்திலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டே, 1929ஆம் ஆண்டு ஸ்பெயினின் லீக் பந்தயம் தொடங்கிய நாள் முதல் ஒருமுறைகூட முதற் பிரிவிலிருந்து அக்கழகம் கீழிறங்கியதில்லை. இப்பெருமை அதனைத் தவிர, பெருஞ்செல்வம் படைத்த ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆகிய இரண்டுக்கு மட்டுமே உண்டு.

அவர்கள் இதை எவ்வாறு செய்கின்றனர்? 1971ஆம் ஆண்டில் நகருக்கு அருகே லெசாமா என்னும் சிற்றூரில் பயிற்சிக் களம் ஒன்றை அமைத்தனர். சுற்றுவட்டாரத்துச் சிறு கழகங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அவற்றிற்குப் பொருளுதவியும் பயிற்சியாளருக்கு வழிகாட்டலும் அளிக்கின்றனர். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் உண்டு, தம் ஊர்ப் பள்ளியில் படித்து, தம் ஊர் அணியிலேயே ஆடுகின்றனர். தேர்ந்தோர் லெசாமாவுக்கு வருகின்றனர். அங்கு வயதுக்கொரு அணி உண்டு. அதற்கு மேலே இரண்டாம் அணி ஒன்று உண்டு. அது வயது வந்தோருக்குரிய கீழ்ப்பிரிவுப் பந்தயங்களில் ஆடுகிறது. பதினெட்டு வயது இளைஞன் முப்பது வயது முரடனோடு மோதிப் பழகுவது அங்கேதான். எத்தனையோ கழகங்களில் பயிற்சிப் பள்ளி அழகாக இருக்கும், புல்தரை பச்சையாக இருக்கும். இந்த நடுப்படி மட்டும் இராது. ஏணியில் ஒரு படி இல்லையெனில், அதற்குக் கீழே நிற்பவன் எவ்வளவு திறமை பெற்றிருந்தும் மேலே ஏறுவது எங்ஙனம்?

அங்கே இளைஞனுக்கு வாய்ப்புக் கிட்டுவதற்கு முதற்காரணம் கழகத்தாரின் பெருந்தன்மை என்று நாம் கருதவில்லை. சந்தையின் கதவைத் தமக்குத் தாமே அடைத்துக்கொண்டமையே காரணம். மற்ற கழகங்களில் மூன்று ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரின் வேலை போய்விடும். ஆகவே அவர் தேறிய ஆளை வெளியிலிருந்து வாங்கித் தரச் சொல்வார். பில்பாவோவில் அவ்வழி மிகக் குறுகியது. வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு விலையும் கொடுத்தனர். 1984இல் லீக் பட்டத்தையும் அரசர் கோப்பையையும் வென்றபின், அவ்விரண்டில் ஒன்றைக்கூட நாற்பது ஆண்டுகள் அவர்கள் தொட முடியவில்லை. 2024 ஏப்ரலில் அரசர் கோப்பையை வென்றபோது, படகில் கோப்பையோடு வந்த ஆட்டக்காரர்களைக் காண ஆற்றின் இருகரையிலும் பல இலட்சம் மக்கள் திரண்டனர். இடைப்பட்ட காலத்தில் வழக்கத்தைக் கைவிடுமாறு உறுப்பினர்கள் கழகத்தை நெருக்கவில்லை. அக்கழகத்திற்குத் தனி முதலாளி கிடையாது. உறுப்பினர்களே உடைமையாளர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

தமக்குத் தாமே கதவடைக்கும் மனம் எல்லாக் கழகங்களுக்கும் வாய்க்காது. அதனால் சட்டம் தேவைப்படுகிறது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பிய ஜெர்மனி, பயிற்சிப் பள்ளி நடத்தாத கழகத்திற்கு முதற் பிரிவில் உரிமம் இல்லை என்று விதித்தது. பள்ளிக்கூடங்களோடு இணைந்து பயிற்சி நடத்தவும் வழிசெய்தது. 2014இல் அவர்கள் உலகக் கோப்பையை வென்றது யாவரும் அறிந்தது.

இனி, 'உள்ளூர்' என்னும் சொல்லுக்கு வருவோம். இச்சொல் நமக்குச் சிறிது கசக்கும். நம் கிராமங்களில் ஊர் என்றால் எது, சேரி என்றால் எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாவின் பந்தயத்தில் ஊர் அணி என்று ஒன்று ஆடும். நம் பிள்ளைகள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுவர். ஆகவே ஒரு கழகம் 'உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்க்கிறோம்' என்று சொன்னால், உமது ஊரின் எல்லை எங்கே முடிகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

பில்பாவோவும் இக்கேள்வியைச் சந்தித்தது. அங்கே பிறந்தோர் மட்டுமா, அங்கே வளர்ந்து ஆட்டம் பயின்றோருமா என்று விதி நாளடைவில் விரிந்தது. கானா நாட்டிலிருந்து சகாராப் பாலைவனத்தைக் கால்நடையாகக் கடந்து ஸ்பெயினுக்கு வந்த ஏழைத் தம்பதியருக்கு 1994இல் பில்பாவோவில் ஒரு மகன் பிறந்தான். தமக்கு உதவிய பாதிரியாரின் பெயரையே குழந்தைக்கு இனாகி என்று சூட்டினர். அவர்தான் 2015இல் அக்கழகத்திற்காகக் கோல் அடித்த முதல் கறுப்பின ஆட்டக்காரரான இனாகி வில்லியம்ஸ். 2016 முதல் 2023 வரை ஸ்பெயினின் லீக்கில் தொடர்ந்து 251 ஆட்டங்கள், இடையில் ஒன்றுகூட விடாமல் ஆடினார். தம்பி நிகோ, 2024 ஐரோப்பியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்காகக் கோல் அடித்தார். நூற்றாண்டு கண்ட கழகத்தில் கறுப்பினத்தார் ஒருவர் முதன்முதலாக ஆடியது 2011இல்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அயலிலுள்ள சிறிய கழகங்களின் பிள்ளைகளை இழுத்துக்கொள்கிறது என்ற குறையும் அதன்மீது உண்டு. குறையற்ற கழகம் எங்கும் இல்லை.

காலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவது நம் நாட்டு விளையாட்டுக்குப் பழைய வழக்கம். கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலுவின் கதையை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அவர் புனேயில் இந்துக்களின் அணிக்காகப் பந்து வீசினார். களத்தில் அவர் கை தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டனர். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. 1911இல் இங்கிலாந்து சென்ற அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அவருக்குத் தலைமைப் பதவி தரப்படவில்லை. தம்பி விட்டல்தான் 1923இல் அந்த இந்து அணிக்குத் தலைவரானார். இன்று மண்குவளை இல்லை. ஆனால் ஆட்டக்காரர் பட்டியலில் நம் பிள்ளைகளைக் காண்கிறோம். பயிற்சியாளர், மருத்துவர், கணக்கர், இயக்குநர் ஆகியோரின் பட்டியலில் எத்தனை பேரைக் காண்கிறோம்?

அடுத்தது பணம். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் ஒருவர் என்பது நம் பாட்டன்மார் வயலில் கண்ட நீதி. பந்தாட்டத்தில் அதற்கு ஒரு சிறு மாற்றம் உண்டு. நம்மவர் பலர் அதை அறியார். உலகக் கால்பந்து அமைப்பு 2001ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தது. ஒப்பந்தம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் விலை பேசி வெளிநாட்டுக் கழகத்திற்கு மாற்றப்பட்டால், அத்தொகையில் 5 விழுக்காடு, அவர் 12 வயது முதல் 23 வயது வரை பயின்ற கழகங்களுக்குப் பங்கிடப்படவேண்டும். முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, பின்னைய எட்டு ஆண்டுகளுக்கு 0.5 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய்க்கு மாற்றம் நடந்தால், 12 முதல் 15 வயது வரை வளர்த்த கழகத்திற்கு ஓர் இலட்சம் வரும். நம் பிள்ளைகளுக்கு அது எட்டாத தொலைவு என்று சிரிக்கவேண்டா. அந்தப் பங்கு பதிவுபெற்ற கழகத்திற்கு மட்டுமே உரியது.  விடியற்காலையில் சொந்தக் காசில் பந்து வாங்கிப் பிள்ளைகளை ஓடவிடும் நம் அண்ணன்மாரின் உழைப்பு எந்தத் தாளிலும் இல்லை. ஏட்டில் இல்லாத உழைப்புக்குக் கூலி கேட்பது எப்படி?

வடசென்னையில் வியாசர்பாடியை எண்ணிப் பாருங்கள். சென்னைக்குத் தொழில்முறைக் கழகம் 2014இல் வந்தது; வியாசர்பாடிப் பிள்ளைகள் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே பந்தாடி வந்தவர்கள். அங்கு வளர்ந்த தனபால் கணேஷ் தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்தது புனேயில். பின்னர்ச் சென்னைக் கழகத்திற்கு வந்து, 2018 மார்ச்சில் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்றார். அவரைப் போன்றோர் இனி ஆயிரம் கிலோமீட்டர் சுற்றி வீடு திரும்பலாகாது எனில், கழகங்கள் விளம்பரத்திற்காக ஒருநாள் தேர்வுமுகாம் நடத்துவதை விட்டு, ஆண்டு முழுவதும் அத்தெருக்களில் பயிற்சியாளரை நிறுத்தவேண்டும். களத்திற்கு விளக்குப் போடவேண்டும். அங்கு ஏற்கனவே உழைத்துவரும் அண்ணன்மாருக்கே பயிற்சியாளர் சான்றிதழ் பெற வழிசெய்து ஊதியமும் தரவேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்டோர் பற்றி ஒரு செய்தி. இங்கிலாந்தில் சிறுவயது முதலே கழகங்களில் சேர்ந்து, பதினெட்டில் வேண்டாம் என்று விடப்படும் பிள்ளைகள் மிகப் பலர். கிரிஸ்டல் பேலஸ் என்னும் கழகம், தான் விடுவிக்கும் இளைஞரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, படிப்புக்கும் வேலைக்கும் மனத்தேறுதலுக்கும் துணைசெய்வதாக அறிவித்தது. மூன்று ஆண்டுகள்! நம் தெருப் பிள்ளைக்கு மூன்று நாள் கவனிப்பும் கிட்டவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனையோ மகளையோ கேட்டு எவரேனும் வந்தால், தேநீர் கொடுங்கள். கையெழுத்தை மட்டும் அன்றே கொடுக்காதீர்கள். எந்தப் பள்ளியில் சேர்ப்பீர், கால் உடைந்தால் மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், விடுவித்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கேளுங்கள். தாளைச் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலையில் நம் வழக்கறிஞர் நண்பர் நூலக அறையில் இருப்பார்.

நூலக மேசைமேல் புதிய பதிவேடு ஒன்று வைத்துள்ளோம். நம் திடலில் ஆடும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த நாள், படிக்கும் வகுப்பு, பயிற்றுவிக்கும் அண்ணன் பெயர், ஆடத் தொடங்கிய ஆண்டு ஆகியவற்றை அதில் எழுதவேண்டும். அணியைப் பதிவுசெய்யும் விண்ணப்பத்தைச் செயலாளர் அவர்கள் நிரப்பிவருகிறார். அதற்குப் பிறப்புச் சான்றிதழ்ப் படிகள் தேவை. முதல் பக்கத்தின் முதல் வரியில், பயிற்றுவிப்பவர் என்ற இடத்தில், மேலே நாம் பேர் சொல்லாமல் விட்ட பிள்ளை தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறான். கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் வரிசையாக வந்து எழுதலாம்.