சீம்பாலைக் கொட்டாதீர்கள்



சுகாதாரம் படித்த நானே தலைப்பிள்ளைக்குச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியவள். "கெட்ட பால், சேனை வைப்போம்" என்றார் மாமியார். நான் வாய் திறக்கவில்லை. மூணு நாள் சர்க்கரைத் தண்ணீர்தான். வயிற்றுப்போக்கு கண்டு, பிள்ளைக்குக் கண் குழி விழுந்தது. பிழைத்தது; ஆனால் அந்த ராத்திரிகள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அடுத்த பிரசவத்தில் என் வீட்டுக்காரரே, "முதல் பால் பிள்ளைக்குத்தான் அம்மா" என்று பணிவாகச் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டேன்.

மஞ்சளாய், கெட்டியாய் வரும் சீம்பால் நோயைத் தடுக்கும். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

தகப்பன்மார்களே, பெற்றவள் களைத்துக் கிடப்பாள். பெரியவர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பிரசவத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.