ஏலத்தில் வேகப்பந்து வீச்சாளருக்கு என்ன விலை?

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



"எதை வேணா பேசு, பத்து நிமிஷத்தைத் தாண்டாதே" என்பது செயலாளர் உத்தரவு. ஆகவே எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்றைப் பேசுகிறேன்.

ஐ.பி.எல். தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் எங்கள் செட் எட்டுப் பேர் கூடி ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்போம். ஆளுக்கு 100 புள்ளி கையிருப்பு. அதற்குள் 11 பேர். நிஜ ஆட்டத்தில் அவர்கள் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும்தான் நம் கணக்கு. தோற்றவர் எல்லாருக்கும் டிபன் வாங்கித் தரணும், அவ்வளவுதான். (பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. எங்கள் திண்ணைக்கு ஒரு சேதமும் இல்லை.)

எங்களுக்குள் தீராத வழக்கு, வேகப்பந்து வீச்சாளருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது. கடைசி ஓவர்களில் பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவான். அப்போது பந்து போடுகிறவனுக்கு விக்கெட் கொட்டும். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முழங்காலும் முதுகும் முதலில் போவது அவனுக்குத்தான். அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பன் சொன்னான், அவர்கள் ஊர் ஃபுட்பாலிலும் இப்படிக் கற்பனை அணி சேர்ப்பார்களாம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி இடி வாங்கும் 'ரன்னிங் பேக்'கை முதலில் எடுப்பதா, கடைசியில் எடுப்பதா என்று அங்கேயும் இதே சண்டையாம்.

நம்ம சேலத்து நடராஜனையே பாருங்கள். 2017-இல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. 6 ஆட்டத்தில் 2 விக்கெட். அடுத்து ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் உட்கார வைத்தது. 2020-இல் 16 விக்கெட்! அந்த வருஷம் எங்கள் திண்ணையில் அவரைச் சீந்துவாரில்லை. 2021-இல் எல்லாரும் பாய்ந்தோம், முழங்கால் ஆபரேஷன். 2024-இல் 19 விக்கெட். உடனே டெல்லி 10.75 கோடி கொடுத்தது. 2025-இல் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். நான் அவருக்கு 38 புள்ளி கொட்டியிருந்தேன். டிபன் என் செலவு.

சுழல் பந்து வேறு கதை. வருண் சக்கரவர்த்தி 8.4 கோடிக்குப் போய் 2019-இல் ஒரே ஆட்டம் ஆடினார். விலை 4 கோடிக்கு இறங்கிய பிறகுதான் கொல்கத்தாவுக்கு 2020-இல் 17, 2024-இல் 21 விக்கெட். அடிபட்டவனை விலை இறங்கும்போது வாங்கு என்பது என் கட்சி. முதலில் பதினாலு ஆட்டமும் ஆடக்கூடிய தொடக்க பேட்ஸ்மேன். வேகத்துக்கு, ஆளுக்கு எட்டுப் பத்துப் புள்ளியில் இரண்டு பேர். ஒருவன் படுத்தாலும் ஒருவன் நிற்பான்.

இதை நான் புள்ளிக் கணக்கில் மட்டும் கற்கவில்லை. என் அக்கா மகன் திருச்சியில் லீக் ஆடினான், நல்ல வேகம். காலையில் லீக், மத்தியானம் காலேஜ் மேட்ச், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால். யார் கூப்பிட்டாலும் போனான். நம்ம செட் மேட்சுக்கு நானே கூப்பிட்டிருக்கிறேன். 19 வயதில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் விரிசல். "வாரத்துக்கு எத்தனை ஓவர் போட்டான்?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. முன்பின் பார்த்திராத பௌலர்களின் ஓவர் கணக்கெல்லாம் எங்கள் ஏல நோட்டில் ஐந்து வருஷத்துக்கு இருந்தது.

அதற்கப்புறம் அவன் வேகப்பந்து போடவில்லை. இப்போது நோட்டு அவன் கையில். ஒவ்வொரு பௌலர் பெயருக்கும் எதிரே, ஏலத்துக்கு முந்தின மூன்று மாதத்தில் போட்ட ஓவர் என்று புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் நான் இப்போது கை தூக்குகிறேன்.

ஒரு நண்பர் பெங்களூர் போய்விட்டதால் எட்டில் ஓர் இடம் காலி. வர விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள்.