கண்ணை மூடுங்க, காலைத் தொடுகிறோம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்குக் கடன், வசூல் பற்றிப் பேச வரவில்லை. உங்கள் பாதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நம்ம குழு அக்கா ஒருத்தருக்குப் பத்து வருஷமா சர்க்கரை. களை எடுக்கப் போன இடத்தில் காலில் முள் ஏறியது. வலிக்கவே இல்லை. சீழ் பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் மகள் பார்த்தாள். ஒரு விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. "வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பேனே" என்றார். எங்களிடம் பதில் இல்லை. வாராவாரம் அவர் பாஸ் புத்தகத்தைப் பார்த்த நாங்கள், ஒரு நாளும் அவர் காலைப் பற்றிக் கேட்டதில்லை.

சர்க்கரை பல வருஷம் கட்டுப்படாமல் இருந்தால் காலுக்குப் போகும் நரம்பு கெடும். சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் உணர்ச்சி போய்விடும். வலி இல்லை என்றால் நோய் இல்லை என்று நினைக்காதீங்க.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவாக்கி, 2011இல் வெளியிட்டார்கள். கருவி வேண்டாம், காசு வேண்டாம். விரல் போதும்.

1. சர்க்கரை உள்ளவர் காலை நீட்டிக் கண்ணை மூடட்டும். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்லட்டும்.

2. நீங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் இறகு படுவது போல ஒன்றிரண்டு விநாடி தொடுங்க. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது.

3. இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு இடம். ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் தொடணும். சொல்லவில்லை என்று மறுபடி தொடக் கூடாது.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையா? உணர்ச்சி குறைந்திருக்கிறது. தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்க. ஆறும் தெரிந்தாலும் வருஷம் ஒரு முறை டாக்டரிடம் பாதத்தைக் காட்டத்தான் வேண்டும்.

உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுங்க. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீங்க. தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்க. குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு கட்டி முடித்ததும் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்க. கூச்சப்படுபவர்களைக் கட்டாயப்படுத்தாதீங்க, வீட்டில் செய்யச் சொல்லுங்க. வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சர்க்கரை இருந்தால் அவர்களுக்கும் செய்யுங்க.

இப்போது செய்து காட்டுகிறோம். அந்த அக்காவே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் பக்கத்தில் வாங்க.