படிக்கத் திணறும் பிள்ளைகளும் நம் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிப் பேசுவது வழக்கம். இன்று பரிசுப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். அதற்கு முன் எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு விழாவில், எங்கள் வகுப்பில் பயிலும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை வரவேற்பு மடலைப் படிக்குமாறு மேடையேற்றினோம். அவன் தாளைப் பார்த்தபடி நின்றான். முதல் சொல்லே எழவில்லை. அவையில் சிலர் சிரித்தனர், நாங்களோ, "வீட்டில் படித்துப் பார்த்தாயா இல்லையா?" என்று கடிந்துகொண்டோம். அடுத்த ஞாயிறு அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வீடு தேடிச் சென்றோம். அவனுடைய அன்னையார் சொன்னவற்றைக் கேட்டு நாங்கள் தலைகுனிந்தோம். பாட்டி சொன்ன கதைகளை ஒரு நிகழ்ச்சியும் விடாமல் திருப்பிச் சொல்லுகின்ற அப்பிள்ளை, புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறினான். "எனக்கு மூளையில்லை அம்மா" என்று தானே சொல்லத் தொடங்கியிருந்தான். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால் படிப்பு சரியாகிவிடும் என்றும் ஒருவர் அவர்களுக்கு அறிவுரை கூறியிருந்தார். பெற்றோரின் இசைவுடன், பெயர் கூறாமல் இதைச் சொல்கிறோம்.

அன்பர்களே! இது சோம்பலும் அன்று. அறிவுக் குறைவும் அன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் அவனே பள்ளியில் முதல்வனாக இருப்பான் என்று ஆசிரியர் கருதிய சிறுவன் அவன். எனினும் எழுத்தை மட்டும் அவனால் படிக்க இயலவில்லை. இந்நிலையையே இன்று 'டிஸ்லெக்ஸியா' என்கிறோம். எழுதுவதில் வரும் இடர்ப்பாடு 'டிஸ்கிராஃபியா', கணக்கில் வருவது 'டிஸ்கால்குலியா'. இவற்றைத் தொகுத்துக் கற்றல் குறைபாடு என்பர். சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து, அவற்றை எழுத்தோடு இணைக்கும் மூளையின் செயலில் உள்ள வேறுபாடே பெரும்பாலும் டிஸ்லெக்ஸியாவின் வேர். சில குடும்பங்களில் இது வழிவழியாகவும் வரும்.

தலைநகரின் குடியிருப்புகளில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும் பயில்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுத்தையும் கற்கிறது. மூன்று வரிவடிவங்கள்! புதிய மொழியில் தடுமாறுவதெல்லாம் குறைபாடு ஆகாது. அது பழக்கக் குறைவாக இருக்கலாம். ஆனால் தனக்கு நன்கு பேச வரும் மொழியிலும், முறையாகக் கற்பித்த பின்னும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுமாயின் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். தாய்மொழி பேசுவதால் இக்குறைபாடு உண்டாவதில்லை; தமிழை நிறுத்தினால் அது நீங்குவதும் இல்லை. பாட்டியின் கதையையும் இழந்து நிற்பதே மிச்சம்.

ஐயம் எழுந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பின்னர் உளவியல் வல்லுநரையும் சிறப்புக் கல்வி ஆசிரியரையும் அணுக வேண்டும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், 2015ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கென்று மதிப்பீட்டுக் கருவி ஒன்றை வெளியிட்டது. பிள்ளையை அதற்குத் தெரிந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்பதே அம்முயற்சி நமக்கு உணர்த்தும் உண்மை.

சட்டமும் துணை நிற்கிறது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் அதுவும் ஒன்று. குறைபாட்டை இயன்ற அளவு விரைவில் கண்டறிந்து, உரிய முறையில் கற்பிப்பது கல்வி நிலையங்களின் கடமை என்று அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வுகளில், உரிய சான்றிதழ் உள்ள மாணவருக்கு, அவர் சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளரும், 3 மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 1 மணி நேரமும் பெற வழியுண்டு. இவை பிச்சையல்ல, கண் பார்வை குறைந்தவர் மூக்குக் கண்ணாடி அணிவது போன்றவை. சான்றிதழ் பெற்றால் பிள்ளைக்கு இழுக்கு என்று எண்ணும் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, வாயால் ஒலித்தவாறே விரலால் எழுத்தை வரையச் செய்தனர். கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒருங்கே கற்கும் முறை அது. இக்காலச் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இத்தகைய முறையையே வலியுறுத்துகின்றனர். ஒரு தட்டில் அரிசியோ ரவையோ பரப்பினால் போதும், செலவில்லை. 'ன'வும் 'ண'வும் குழம்பினால், இரண்டையும் ஒரே நாளில் கற்பிக்காமல், ஒன்று படிந்தபின் மற்றொன்றைத் தொடங்குவது நலம்.

இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார வைப்பதைவிட, இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்று பகுத்துக்கொள்வது பயன் தரும். பாடத்தை முதலில் நாம் படித்துக்காட்ட வேண்டும். பிள்ளை அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகே எழுத வேண்டும். படிக்கும் வரியின் கீழ் ஓர் அட்டையை வைத்தால் கண் வழிதவறாது. நாளைக்குச் செய்ய வேண்டியதைப் பிள்ளையே பட்டியலிட்டு, முடித்ததை அடித்துக்கொண்டே வரட்டும். தன் வேலையைத் தானே நடத்தும் பழக்கத்திலிருந்துதான் தன்னம்பிக்கை பிறக்கிறது. பிழை திருத்தும்போது பக்கம் முழுவதும் சிவப்பு மையால் நிரப்பாமல், ஒரு நாளைக்கு ஒருவகைப் பிழையை மட்டும் காட்டினால் போதும்.

அடியாத மாடு படியாது என்பார் உளர். ஆனால் இப்பிள்ளைகள் படியாத மாடுகள் அல்லர். மற்றவரைவிட இருமடங்கு உழைத்தும் பாதி மதிப்பெண் பெறுபவர்கள். அவர்களை அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடுவது அடியினும் கொடிது. "கெட்டிக்காரன்" என்று பொதுவாகப் புகழ்வதைவிட, "நேற்று தடுக்கிய சொல்லை இன்று தானாகவே படித்துவிட்டாய்" என்று குறிப்பிட்டுச் சொல்வது நெஞ்சில் நிற்கும்.

அச்சிறுவன் மூன்று மாதம் கழித்து எங்கள் வகுப்புக்குத் திரும்பினான். முதலில் கடைசி வரிசையில், கதவோரம் அமர்ந்தான். யாரையும் தனியே எழுப்பிப் படிக்கச் சொல்வதில்லை என்று நாங்கள் விதி செய்துவிட்டோம். இருவர் இருவராகப் படிக்கிறார்கள். சில வாரங்களில் அவன் முன்வரிசைக்கு வந்தான். இன்றும் மெதுவாகவே படிக்கிறான். இனியும் அப்படியே இருக்கலாம். ஆனால் தனக்கு மூளையில்லை என்று இப்போது சொல்வதில்லை.

சங்கத்தாரிடம் எங்கள் விண்ணப்பம் சிறியது. நம் குடியிருப்பில் படிக்கத் திணறும் பிள்ளை எவருடையதாயினும், பெற்றோர் அதை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற பெரியோர்கள் வாரம் ஒரு மணி நேரம் பாடத்தை வாசித்துக்காட்ட முன்வாருங்கள். இம்மேடையில் ஒரு பிள்ளை தயங்கி நின்றால், சிரிக்காமல் காத்திருங்கள். அன்று நாங்கள் காத்திருக்கவில்லை. அக்குறையை இந்த அவை இனி நேர விடாது என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.