மடிக்கணினியும் தட்டின் வேகமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெருங்கடவிளையிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குவது இன்று பெருஞ்செலவுகளுள் ஒன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டியும், கூலிக்கு உழைத்தும், சீட்டுக் கட்டியும் சேர்த்த பணம் அது. அப்பணத்தோடு நெய்யாற்றின்கரைக்கோ மார்த்தாண்டத்துக்கோ செல்லும் தகப்பனாரிடம், "தட்டு 5400 சுற்றா, 7200 சுற்றா?" என்று கடைக்காரர் வினவினால், அவர் என்ன விடை கூறுவார்? அதற்கு விடை காண்பதே என் உரையின் நோக்கம்.

வன்தட்டு என்பது யாது? கணினி தன் எழுத்தையும் படத்தையும் பாட்டையும் பதித்து வைக்கும் சுழல் தட்டே அது. ஐ.பி.எம். நிறுவனம் 1956 செப்டம்பரில் அதனை முதன்முதலாக உலகுக்கு அறிவித்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. அவற்றில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. அதே ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நம் ஊர்கள் எல்லையூர்களான ஆண்டும் வன்தட்டுப் பிறந்த ஆண்டும் ஒன்றே.

தட்டின் வேகத்தைத் தேரோட்டத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நான்கு வீதிகளையும் ஓயாது சுற்றிவரும் தேர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாம் வாசலுக்கு வரும்போது தேர் எந்த வீதியில் நிற்கும் என்று சொல்ல இயலாது. சில வேளை உடனே வரும். சில வேளை முழுச் சுற்றும் காத்திருக்க நேரும். சராசரி பார்த்தால் அரைச் சுற்றுக் காத்திருப்பு. வன்தட்டிலும் அவ்வாறே. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 5.6 மில்லி வினாடி. 7200 முறை சுழல்வதில் 4.2 மில்லி வினாடி. மிச்சம் 1.4 மில்லி வினாடி மட்டுமே.

இதற்கு மேலும் ஒரு காத்திருப்பு உண்டு. எழுத்தைப் படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். மடிக்கணினித் தட்டுகளில் அதற்குச் சற்றேறக்குறைய 12 மில்லி வினாடி ஆகும். ஆகவே, தட்டில் சிதறிக் கிடக்கும் பதினாயிரம் சிறு துணுக்குகளைத் தேடி எடுக்க 5400 தட்டுக்கு 176 வினாடி ஆனால், 7200 தட்டுக்கு 162 வினாடி ஆகும். பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விரைந்த தட்டின் பயன் கூடுதலாகத் தெரியும் என்பதும் உண்மையே. எனினும் அது மின்கலத்தைச் சற்று மிகுதியாக உண்ணும், சூடும் கூடும்.

அன்பர்களே! எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் தேரும் இல்லை, வீதியும் இல்லை. சுழலும் உறுப்பே அதில் கிடையாது. ஒரு துணுக்கை எடுக்க அதற்கு 0.1 மில்லி வினாடி போதும். முன்பு கூறிய பதினாயிரம் துணுக்குகளும் ஒரு வினாடியில் வந்து நிற்கும்! ஆதலின், "5400 சுற்றா, 7200 சுற்றா?" என்ற வினாவுக்குரிய விடை, "இரண்டும் வேண்டா, எஸ்.எஸ்.டி. கொடுங்கள்" என்பதே.

மேலும் ஒரு காரணம் உண்டு. சுழலும் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடையேயுள்ள வெளி, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இராது. நம் மேட்டு நிலச் சாலைகளில் பேருந்தில் குலுங்கிச் செல்லும் மாணவியின் பையில், இயங்கிக்கொண்டே இருக்கும் தட்டு அடிபட்டால், மூன்றாண்டுப் படிப்பின் குறிப்புகள் ஒரு நொடியில் அழியக்கூடும்.

இன்று புதிய மடிக்கணினிகள் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.யோடுதான் வருகின்றன. ஏமாற்றம் நேர்வது பழைய கணினியை விலைக்கு வாங்குவோர்க்கே. "1000 ஜி.பி." என்ற பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாகாது. படிக்கும் பிள்ளைக்கு 1000 ஜி.பி. சுழல் தட்டைவிட 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யே நற்றுணை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கணினி மெதுவாக ஓடினால் அதனைத் தூக்கி எறியவும் வேண்டா. இரண்டரை அங்குலத் தட்டைக் கழற்றி, அதே இடத்தில் அதே அளவுள்ள சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால், பல கணினிகள் புத்துயிர் பெறும்.

அங்ஙனமாயின் சுழல் தட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. எஸ்.எஸ்.டி. பழுதானால் முன்னறிவிப்பின்றி மடியக்கூடும். அதிலுள்ளவற்றை மீட்பதும் அரிது. ஆகவே, வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றில் படி எடுத்து வையுங்கள். அதற்கு 5400 சுற்றே தாராளம், மலிவும் அதுவே. பிள்ளைகளின் பாடக் குறிப்போடு, பாட்டனார் காலத்துத் தமிழ்ப் பத்திரங்களையும் கடிதங்களையும் சங்கத்தின் பழைய படங்களையும் அதில் சேர்த்து வையுங்கள். எல்லையூரில் தமிழராய் வாழ்ந்தமைக்கு அவையே சான்று. அவை அழிந்தால் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

விரைவாகப் படிக்க ஒன்று; பத்திரமாகக் காக்க ஒன்று. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு கடைக்குச் செல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.